பெங்களூரு வீட்டில், 40 லிட்டர் தொட்டியில் மாண்டிஸ் இறால் வளர்க்க முடியுமா?

கேட்டவர் ராமமூர்த்தி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறார். முன்பு கோல்டுஃபிஷ் வைத்திருந்த 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி காலியாகக் கிடக்கிறது. அதை உப்புத் தண்ணீர்த் தொட்டியாக மாற்றி ஒரு மாண்டிஸ் இறால் விடலாமா, கண்ணாடியை உடைத்துவிடுமா, வீட்டு ஆர்ஓ தண்ணீர் போதுமா, துணைக்கு இரண்டு க்ளவுன் மீன் விடலாமா என்பது அவர் கேள்வி. வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறார்.

சுருக்கமான பதில்: சின்ன இனமாக இருந்தால் விடலாம். கண்ணாடி உடையாது. ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. சில வீட்டு ஆர்ஓ தண்ணீர் அதைக் கொன்றேவிடும். க்ளவுன் மீன் வேண்டவே வேண்டாம். தொட்டிக்கு நல்ல மூடி இருந்தால் குழந்தை இருப்பது பிரச்சினையில்லை.

இனி விரிவாகச் சொல்கிறேன். அல்சூர்ப் பக்கம் ஒரு இரண்டாம் மாடி வீட்டில் ஒன்பது வருடமாக உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இப்போது இருக்கும் மாண்டிஸுக்கு நாலாவது வருடம் நடக்கிறது. அதற்கு முன் வைத்திருந்தது ஏழே மாதத்தில் செத்துப்போனது. முழுக்க என் கைவேலை. அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் ஆள் யாரென்று பார்ப்போம். பெயரில் இறால் இருந்தாலும் இது இறால் இல்லை. நண்டு, இறால், சிங்கி இறால் எல்லாம் ஒரு குடும்பக் கிளை என்றால், இது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பாகம் பிரித்துக்கொண்டு போன கிளை. முன்னங்கையை மடக்கி வைத்திருக்கும் விதம் நம் ஊர்க் கும்பிடுபூச்சி மாதிரியே இருப்பதால் மாண்டிஸ் என்ற பெயர். உலகில் 450க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தொழில் என்று பார்த்தால் இரண்டுதான். ஒரு கூட்டம் முள் வைத்த கையால் மீனைக் குத்திச் செருகும். இன்னொரு கூட்டத்துக்குக் கையின் கடைசிக் கணு அடியில் புடைத்து, சுத்தியல் மாதிரி இருக்கும். நத்தை, நண்டு, மட்டி ஓடுகளை அடித்து உடைத்துத் தின்னும். தொட்டி வைத்திருப்பவர்கள் இவற்றை ஸ்பியரர், ஸ்மாஷர் என்பார்கள்.

காசிமேட்டில் இழுவலைப் படகு வந்து இறக்கும்போது, இறாலோடு கலந்து சாம்பல் நிறத்தில் தட்டையாகக் கிடப்பவற்றைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் மீன்தூளுக்கும் தீவனத்துக்கும் போகிற சரக்கு. அவை குத்தும் கூட்டம். சேற்றில் ஆழமாக வளை தோண்டி வாழ்பவை. ஊருக்குப் போனபோது கடற்கரையில் உயிரோடு கிடைத்தது என்று வாளியில் போட்டு ரயிலேற்றிக் கொண்டுவருகிற யோசனை யாருக்காவது இருந்தால், விட்டுவிடுங்கள். அவற்றுக்கு வேண்டிய மண் ஆழம் உங்கள் தொட்டியின் உயரத்தைவிட அதிகம்.

40 லிட்டருக்குப் பொருந்துவது அடிக்கும் கூட்டத்தில் சின்னவை: கோனோடாக்டைலஸ், நியோகோனோடாக்டைலஸ் வகைகள். ஐந்து முதல் ஒன்பது சென்டிமீட்டர் வரை வளரும்; பச்சை, பழுப்பு, கரும்புள்ளி என்று நிறம் மாறும். படங்களில் எல்லோரும் பார்த்து மயங்குகிற மயில் மாண்டிஸ் வேறு. அது 18 சென்டிமீட்டர் வரை வளரும். 40 லிட்டரில் அதை அடைப்பது பாவம். அதற்குக் குறைந்தது 100 லிட்டராவது வேண்டும் என்பேன். கடைக்காரர் குட்டி மயில் மாண்டிஸ் ஒன்றைக் காட்டி, "இது இவ்ளோதான் சார் வளரும்" என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கண்ணாடி விஷயம். 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் ஊரில், ஒரு கடல் காட்சியகத்தில் டைசன் என்று பெயர் வைத்திருந்த மாண்டிஸ் ஒன்று கால் அங்குலக் கண்ணாடியை உடைத்தது. அந்த ஒரு செய்திதான் இத்தனை வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடியின் வேகம் பொய்யில்லை. 2004இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஷீலா படேக்கும் அவர் குழுவினரும் அதிவேகக் கேமராவில் மயில் மாண்டிஸின் அடியைப் பிடித்து அளந்தார்கள். விநாடிக்கு 14 முதல் 23 மீட்டர் வரை வேகம். அதாவது உச்சத்தில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். அவுட்டர் ரிங் ரோட்டில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை. வீச்சு தொடங்கி முடிய மூன்று மில்லிசெகண்டுகூட ஆவதில்லை. வெறும் தசையால் இது முடியாது. வில்லை இழுத்துப் பூட்டி வைப்பதுபோல, கைக்குள் சேணம் மாதிரி வளைந்த ஓட்டுப் பகுதி ஒன்றை அமுக்கித் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கும். தாழ்ப்பாளை எடுத்ததும் கை பாயும். அந்த வேகத்தில் தண்ணீரே கிழிந்து குமிழி உண்டாகி, குமிழி உடைகிறபோது இரைக்கு இரண்டாவது அடியும் விழும்.

சரி, ஆனால் இதெல்லாம் மயில் மாண்டிஸின் கணக்கு. ஆறு சென்டிமீட்டர் உயிர் 5 மில்லிமீட்டர் கண்ணாடியை உடைத்ததாக நான் இதுவரை பார்த்ததும் இல்லை, கூடப் பழகும் தொட்டிக்காரர்கள் சொல்லிக் கேட்டதும் இல்லை. கண்ணாடியை அது தட்டும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பு லைட்டரை ஒருமுறை அழுத்தினால் வருமே, அந்த 'டிக்' சத்தம். முதல் வாரம் ராத்திரியில் எழுந்து போய்ப் பார்ப்பீர்கள், அப்புறம் பழகிவிடும். ஒரே ஒரு முன்னெச்சரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக் கண்ணாடியின் மேல் மெல்லிய அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டிப் போட்டு, அதற்கு மேல் மணல் பரப்புங்கள். நத்தையைக் கீழே வைத்து அடிக்கும்போதும், வளை தோண்டக் கல்லை உருட்டும்போதும் அடி முழுக்க அந்தத் தகட்டில் போகும். ஹீட்டர் விஷயத்தில் மட்டும் அதை நம்பாதீர்கள். கண்ணாடிக் குழாய் ஹீட்டரை தொட்டிக்குள் வைக்காமல், வெளியே தொங்கும் ஃபில்டரின் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

இப்போது தண்ணீர். உண்மையில் உங்கள் கேள்வி இதைப் பற்றியதாகத்தான் இருந்திருக்க வேண்டும். சின்னத் தொட்டியில் மாண்டிஸ் சாவதற்கு அடிதடி காரணமாக இருந்து நான் பார்த்ததே இல்லை, தண்ணீர்தான் காரணம்.

பெங்களூரில் ஒரே வீட்டுக்கு மூன்று வகைத் தண்ணீர் வரும். காவிரி வந்தால் காவிரி, வராத நாளில் போர்வெல், அதுவும் வற்றினால் டேங்கர். போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவி) விட்டால் 800, 1000 என்று காட்டுகிற பகுதிகள் உண்டு. இந்த மூன்றில் எதையும் நேராக உப்புக் கலந்து ஊற்றக் கூடாது. குளோரின், நைட்ரேட், பழைய குழாயிலிருந்து வரும் உலோகம் எல்லாம் அதில் இருக்கும். ஆர்ஓ வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சமையலறை ஆர்ஓவில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. ஒன்று, குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று டிடிஎஸ் கன்ட்ரோலர் வழியாக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். மீட்டரில் 80, 100 என்று காட்டும். இரண்டாவதுதான் ஆபத்தானது. இப்போது வரும் பல சுத்திகரிப்பான்களில் உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் காட்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். செம்புக் குடத்தில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாம், நமக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். நத்தை, நண்டு, இறால், மாண்டிஸ் என்று முதுகெலும்பில்லாத எதற்கும் செம்பு விஷம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஜெயநகரில் இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துத் தயார் செய்த தொட்டியில் மாண்டிஸை விட்டு, ஒன்பதாவது நாளில் அள்ளி எடுத்தார். எல்லா டெஸ்ட்டும் சரியாக இருந்தது. கடைசியில் சமையலறைக்குப் போய்ப் பார்த்தால் புதிதாக வாங்கிய சுத்திகரிப்பானின் முகப்பிலேயே செம்பின் படம் போட்டிருந்தது.

ஆகவே வீட்டு ஆர்ஓவில், கன்ட்ரோலருக்கும் செம்பு காட்ரிட்ஜுக்கும் முன்னாலேயே, மெம்பரேனிலிருந்து (தண்ணீரை வடிகட்டும் சவ்வு) வரும் குழாயில் ஒரு டி இணைப்புப் போட்டு, அதிலிருந்து தனியாகத் தண்ணீர் எடுங்கள். சர்வீஸுக்கு வருகிற பையனிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் போட்டுக்கொடுப்பார். அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்றை வைத்தால் டிடிஎஸ் பூஜ்யம் ஆகிவிடும். ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவு தள்ளும். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் ஊரே டேங்கருக்குக் கையேந்தி நின்றபோது, குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த மாதம் நான் கடல் தண்ணீர் கலக்குவதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தேன்.

உப்பு என்றால் கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு மட்டும்தான். சமையல் உப்பும் வேண்டாம், கல் உப்பும் வேண்டாம். கடல் நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அவற்றில் அந்த அளவில் கிடையாது. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். 40 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போனால் 32 லிட்டர் தண்ணீர் நிற்கும்; அதற்கு ஒரு கிலோ 100 கிராம் சொச்சம் வரும். உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் அடர்த்தி 1.025 காட்ட வேண்டும். மிதவை மானியை நம்பாதீர்கள். ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், அளவு மாறிவிடும்.

சின்னத் தொட்டியின் முதல் எதிரி ஆவியாதல். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். ஏப்ரலில் ஃபேன் வைத்தால் தினம் ஒரு லிட்டர் போகும். மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் 32 லிட்டர் 29 ஆகி, உப்பு ஆயிரத்துக்கு 35 என்பதிலிருந்து 38க்கு மேல் ஏறிவிடும். நானூறு லிட்டர் தொட்டியில் இது கண்ணுக்கே தெரியாது. தொட்டியின் பக்கத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். தினமும் காலையில், டேப் வரைக்கும், உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் அல்ல. எத்தனை பேருக்குச் சொன்னாலும் முதல் மாதம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சூடு விஷயத்தில் சென்னைக்காரர்களைவிட நமக்குக் கொஞ்சம் சௌகரியம். அங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் கோடையைத் தாண்டுவது பெரும்பாடு. இங்கே 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி தொட்ட மாதிரி நாட்கள் அபூர்வம். தண்ணீர் மேல் ஒரு சின்ன ஃபேன் ஊதினாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம் ஊரில் எல்லோரும் மறக்கிறது டிசம்பர், ஜனவரி. வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்குகிற ராத்திரியில் 32 லிட்டர் தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்துவிடும். 50 வாட் ஹீட்டரை 25 டிகிரிக்கு வைத்துவிட்டால் கவலையில்லை. கரண்ட் போனால் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அப்பார்ட்மென்ட் போல ஜெனரேட்டர் இல்லாத தனி வீட்டுக்கு அது கட்டாயம்.

தொட்டிக்குள் என்ன போடுவது என்பதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் முதல் வேலையே லைவ் ராக் வாங்குவதுதான். அது பவழத்தின் எலும்புக்கூடு. நம் நாட்டில் பாறை கட்டும் பவழங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது, நல்ல சரக்கு என்று யாராவது கல்லைக் காட்டினால், அந்தப் பக்கமே போகாதீர்கள். செராமிக்கில் செய்த செயற்கைக் கல் விற்கிறார்கள். நுண்துளைகள் நிறைந்தது, பாக்டீரியாவுக்கு அதுவே போதும். பைகளில் வரும் அரகோனைட் (சுண்ணாம்புச் சத்துள்ள) மணல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பலாம். வளை கட்டச் சில்லு வேண்டுமே என்றால், நாங்கள் மட்டி வாங்கிச் சமைத்த நாளில் ஓடுகளை எல்லாம் கழுவி, கொதிக்கவைத்து, காயப்போட்டு வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் என் மாண்டிஸ் கதவு சாத்துவது எங்கள் வீட்டு மட்டி ஓட்டால்தான்.

ஆமாம், கதவு சாத்தும். இந்தச் சின்ன இனங்கள் பகலில் வேட்டையாடுபவை. பொழுது சாய்ந்ததும் வளைக்குள் போய், உள்ளிருந்தபடியே ஒரு கல்லையோ ஓட்டையோ இழுத்து வாசலை அடைத்துக்கொள்ளும். காலையில் தள்ளித் திறக்கும். சில நாள் ஒரு ஓட்டைத் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒன்றைத் தூக்கிப் பார்க்கும், போடும், இன்னொன்றைத் தூக்கும். தி.நகரில் புடவை எடுப்பதை ஒத்த காட்சி.

வளைக்கு என் யோசனை: முக்கால் அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, நெட்டுவாக்கில் பாதியாகப் பிளந்து, பிளந்த பக்கம் முன் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும்படி மணலில் புதைத்துவிடுங்கள். இரண்டு முனையும் வெளியே திறந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வெளிப்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டி மூடி வையுங்கள். பார்க்க வேண்டும் என்றால் காகிதத்தை மெல்லத் தூக்கினால் போதும். வளர வளர மாண்டிஸ் பழைய ஓட்டைக் கழற்றிப் போடும்; இந்த ஏற்பாடு எதற்கு என்பது அந்தக் கதையில் தெரியும். விளக்குக்குச் செலவே செய்யாதீர்கள். பவழத்துக்கான பளீர் விளக்கின் கீழ் வைத்த மாண்டிஸ்களுக்கு ஓட்டில் பழுப்பும் கறுப்புமாகப் புண் வருவதை அனுபவசாலிகள் பலரும் பார்த்திருக்கிறார்கள். மங்கலான விளக்கே அதற்குச் சுகம்.

தண்ணீரும் கல்லும் தயாரானதும் மாண்டிஸை விடக் கூடாது. உரித்த இறால் ஒன்றைத் தொட்டியில் போட்டு அழுக விடுங்கள். அம்மோனியா ஏறும், அதைத் தின்னும் பாக்டீரியா பெருகும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் நிற்கும். நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை கடைப் பக்கம் போக வேண்டாம். அதற்கப்புறம் வாரம் ஐந்து லிட்டர் மாற்றினால் போதும். புதுத் தண்ணீரை முந்தின நாளே கலந்து, சின்ன பம்ப் ஓடவிட்டு வையுங்கள்.

வாங்கும்போது, கை இரண்டும் இருக்கிறதா, கண்கள் தனித்தனியாகச் சுழன்று உங்களைத் தொடர்கின்றனவா, ஓட்டில் கறுப்புப் புள்ளி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கை இல்லாவிட்டாலும் பெரிய குறையில்லை, அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது முளைத்துவிடும். ஆனால் கண் சோர்ந்திருந்தால் வேண்டாம். சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கடையில் பையன் எனக்கு அதை பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தான். "அண்ணா, ஒண்ணும் ஆகாது, டபுள் கவர் போட்டிருக்கேன்" என்றான். வீடு வந்து சேர்வதற்குள் பேன்ட் நனைந்துவிட்டது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொண்டு போங்கள். பகல் வேளையில் டின் ஃபேக்டரி சிக்னலில் நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேர்த்து, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைக் கலந்து, பிறகு விடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பெங்களூரில் கவலையே இல்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் காலையில் போனால் இறால், மட்டி, சின்ன நண்டு எல்லாம் கிடைக்கும். மசாலாவும் உப்பும் படாததை வாங்கி, பட்டாணி அளவுத் துண்டுகளாக நறுக்கி ஃப்ரீஸரில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று முறை, நீளமான இடுக்கியில் பிடித்துக் கொடுத்தால் போதும். கையால் கொடுக்காதீர்கள். அயல்நாட்டு மீனவர்கள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே கட்டைவிரல் பிளப்பான் என்பதுதான். அவ்வப்போது மட்டியோ நத்தையோ ஓட்டோடு கொடுங்கள். அடிக்க ஏதாவது வேண்டும் அதற்கு. என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இதுக்குப் போடுத இறால குழம்பு வச்சிருந்தா நாலு பேரு சாப்ட்ருக்கலாம்" என்றாள். இரண்டாவது வாரத்தில் இடுக்கி அவள் கைக்குப் போய்விட்டது.

க்ளவுன் மீன் ஏன் வேண்டாம் என்பது இப்போது புரிந்திருக்கும். இந்த அளவுத் தொட்டியில் எந்த மூலைக்குப் போனாலும் அதன் கை எட்டும். சில மாதம் ஒன்றும் செய்யாமல் விடும். எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். ஒருநாள் காலையில் மீன் இருக்காது. கண்ணாடி சுத்தம் செய்ய விடும் நத்தை, துறவி நண்டு எல்லாமே அதன் கணக்கில் சாப்பாடுதான்.

இப்போது ஓடு கழற்றுதல். என் முதல் மாண்டிஸ் செத்த கதை. வாங்கி ஏழாவது மாதம், திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தியது. இடுக்கியில் இறாலை நீட்டினால் பின்வாங்கியது. இரண்டாவது நாள் வளையின் இரண்டு வாசலையும் மணலும் ஓடுமாக அடைத்துவிட்டது. ஒரு வாரம் ஆயிற்று. செத்துக் கிடந்தால் தண்ணீர் கெட்டுவிடுமே என்று எனக்குப் பயம். எட்டாவது நாள் கையுறை போட்டுக்கொண்டு கல்லைத் தூக்கினேன். உள்ளே அது உயிரோடுதான் இருந்தது, பழைய ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில். மெழுகு மாதிரி வெளிறி, மெத்தென்று இருந்தது. நான் கல்லைத் திரும்ப வைத்தபோது வளை சரிந்துவிட்டது. மறுநாள் பார்த்தபோது வால் பக்கம் பழைய ஓட்டுக்குள் சிக்கியபடியே செத்துக் கிடந்தது.

வளர்கிற மாண்டிஸ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஓடு கழற்றும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் முகம் காட்டாது. கழற்றிய பிறகும் சில நாள் புது ஓடு இறுகும்வரை அடிக்கவும் முடியாது, அடி வாங்கவும் முடியாது. அந்த நிலையில் அது என்ன செய்யும் என்பதை 1983இல் ஸ்டெகர், கால்ட்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வளையைப் பிடுங்க இன்னொரு மாண்டிஸ் வந்தால், ஒரு அடிகூட அடிக்கத் திராணி இல்லாத அந்த மெத்தென்ற உயிர், இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டி மிரட்டும். வெறும் பாவ்லா. பல நேரம் வந்தது நம்பிப் போய்விடும். அதைப் படித்த பிறகுதான், அன்றைக்கு நான் கல்லைத் தூக்கியபோது அது ஓடுக்குள் சிக்கிய நிலையிலும் கையை விரிக்கப் பார்த்ததன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

ஆகவே வாசல் அடைந்தால் கையை மடக்கிக்கொண்டு உட்காருங்கள். தினத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சந்தேகம் வந்தால் கறுப்புக் காகிதத்தைத் தூக்கிப் பாருங்கள். அதற்குத்தான் குழாயைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்கச் சொன்னேன். அம்மோனியா டெஸ்ட் எடுங்கள். ஏறாமல் இருந்தால் உள்ளே எல்லாம் நலம். வெளியே தள்ளிவிட்ட பழைய ஓட்டைப் பார்த்துச் செத்துவிட்டது என்று அழாதீர்கள். கண் முதல் வால் வரை முழு உருவமாக, கண்ணாடி போல இருக்கும். அதை எடுத்துக் காயவைத்தால் உங்கள் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம்.

கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. நிறம் பிரிக்க நமக்கு மூன்று வகை உணர்செல்கள், அதற்குப் பன்னிரண்டு. நாம் கற்பனையே செய்ய முடியாத வண்ணங்களை அது பார்க்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். 2014இல் ஆஸ்திரேலியாவில் அதைப் பழக்கிச் சோதித்தார்கள். பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிட மோசம். ஒப்பிட்டு யோசிக்காமல், பார்த்த மாத்திரத்தில் இது இன்ன நிறம் என்று அடையாளம் காணும் ஏற்பாடாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் சுழன்று உங்களை மேலும் கீழும் பார்க்கும்போது இந்த ஆராய்ச்சியெல்லாம் மறந்துபோகும். மீன் என்றால், உணவு வருகிற திசையைப் பார்க்கும். இது உங்கள் முகத்தைப் பார்க்கும்.

குழந்தைக்கு ஒரே விதி: மூடியைத் திறக்கக் கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும். மூடியில் சந்து இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாண்டிஸுக்காகவும்தான். சில வெளியே ஏறிவிடும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். நன்றாகத் தின்ற மாண்டிஸ் ஒரு வாரம், பத்து நாள் பட்டினி கிடக்கும், தண்ணீர்தான் காத்திருக்காது. நாங்கள் எதிர் வீட்டுப் பாட்டியிடம் சாவியும் ஒரு சொம்பும் கொடுத்துவிட்டுப் போவோம். ஆர்ஓ கேனில் மொண்டு, டேப் வரைக்கும் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். போன வருடம் மூன்றாவது நாளே போன் வந்தது. பதறிப்போய் எடுத்தேன். "தண்ணியெல்லாம் ஊத்திட்டேன்ப்பா. அது என்ன, நா எந்தப் பக்கம் போனாலும் என்னையே பாக்குது?"